‘லிசன் டு திஸ், எட்டி’: லெட் செப்பலினின் திருட்டு டேப் ஒன்றைப் பற்றி

ஜான் பொன்ஹாம் டிரம்ஸ் வாசித்தபோது அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவர் டிரம்மராக இருந்த பிரிட்டிஷ் ராக் பேண்ட் லெட் செப்பலினின் அதிகாரப்பூர்வமான நேரலை ஆல்பங்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது. 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இங்கிள்வுட்டில் உள்ள ஃபோரம் அரங்கில் ஒரு ரசிகர் தன் இருக்கையில் இருந்தபடியே ரகசியமாகப் பதிவு செய்த டேப்பில் கிடைக்கிறது. அந்த டேப்தான் ‘லிசன் டு திஸ், எட்டி’ என்ற பெயரில் பல பதிற்றாண்டுகளாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. பெயரில் வரும் எட்டி, கிடாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் என்று சொல்வார்கள். செப்பலினின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜின் வாசிப்பை அவர் குறைத்துப் பேசியதற்குப் பதிலாக, டேப்பை வெளியிட்டவர்கள் வைத்த பெயராம். கதை எப்படியோ, பெயர் நிலைத்துவிட்டது.

பூட்லெக், அதாவது அனுமதியில்லாமல் பதிவு செய்து சுற்றவிட்ட டேப், என்றாலே தூரத்தில் யாரோ குளியலறையில் பாடுவது போலக் கேட்கும் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலான பூட்லெக்குகள் அப்படித்தான், மறுக்கவில்லை. இது அப்படி இல்லாமல் போனதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல, மைக் மில்லார்ட் என்ற ஒரு மனிதர்.

தென் கலிஃபோர்னியாக்காரர். பேண்டுகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெறும் ரசிகர். எழுபதுகளின் நடுவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துக் கச்சேரிகளைத் தேடித்தேடிப் பதிவு செய்தவர். அவரிடம் இருந்தது நாகமிச்சி 550 என்ற, எடுத்துச்செல்லக்கூடிய கேசட் டெக். எடுத்துச்செல்லக்கூடியது என்று சொன்னாலும் சட்டைக்குள் மறைக்கிற அளவல்ல, நல்ல கனம். அதோடு ஏகேஜி 451 மைக்குகள் இரண்டு. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் பயன்படுத்திய தரமான மைக்குகள் அவை. இத்தனையையும் வாசலில் பிடிபடாமல் உள்ளே கொண்டுபோக, நன்றாக நடக்கக்கூடிய அந்த மனிதர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சாதனங்களை அடியில் மறைத்துக்கொண்டு போனார் என்பது டேப் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரோடு போய்வந்தவர்களே பின்னாளில் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

அதில் இருந்த ஆபத்தும் சின்னதல்ல. செப்பலினின் மேனேஜர் பீட்டர் கிராண்ட் திருட்டுப் பதிவுக்காரர்களை எப்படி நடத்துவார் என்பது ஊரறிந்த விஷயம். 1971-இல் வான்கூவரில் ஒரு கருவியை ரெக்கார்டர் என்று எண்ணி உடைத்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அது சத்தத்தின் அளவைக் கணக்கெடுக்க வந்தவர்கள் வைத்திருந்த கருவி. அப்படிப்பட்ட ஆட்கள் சுற்றிவருகிற இடத்தில் மில்லார்ட் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து டேப்பை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். ஒரு 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். பாட்டு நடுவில் டேப் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, எந்தப் பாட்டு எவ்வளவு நேரம் நீளும் என்று கச்சேரியை அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, டேப்புக்கு வருவோம்.

‘தி சாங் ரிமைன்ஸ் தி சேம்’ பாட்டோடு கச்சேரி தொடங்குகிறது. பேஜ் கையில் இரட்டைக் கழுத்து கிப்சன் கிடார். கூட்டத்தின் சத்தம் அலையாக எழும்பி வரும்போதே அதைக் கிழித்துக்கொண்டு பொன்ஹாம் உள்ளே வருகிறார். அந்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், இது வேறு மாதிரி டேப் என்று. பேஸ் டிரம்மை அவர் மிதிக்கும்போது சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வருகிறது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் வைத்திருந்தது லுட்விக் நிறுவனத்தின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம்ஸ், பேஸ் டிரம் மட்டும் 26 அங்குலம். மரத்தில் செய்த டிரம்மை விடக் கூர்மையாகவும் உரக்கவும் கேட்பது அது. டேப்பில் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடி ஒவ்வொன்றும் அரங்கின் சுவரில் மோதித் திரும்பி வருவதுகூடக் கேட்கிறது, ஆனால் அந்த எதிரொலி அடியை விழுங்குவதில்லை. மில்லார்ட் மேடைக்கு நெருங்கிய வரிசைகளில் இடம் பிடிப்பவர் என்பதால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் சத்தம் முதலில் கிடைக்கிறது, அரங்கின் எதிரொலி அதற்குப் பின்னால் ஒரு நிழல் மாதிரி வருகிறது. இருபது வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தால் இரண்டும் கலந்து கூழாகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கேசட் டேப்பில் தாங்குவதற்கு மேல் சத்தம் ஏறும்போது அது சட்டென்று உடைவதில்லை, மெல்ல அமுங்கித் தடிமனாகிறது. பொன்ஹாமின் பலமான அடிகள் இந்த டேப்பில் அப்படி அமுங்கித்தான் பதிவாகியிருக்கின்றன என்பது என் காதுக்குப் படுகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது குறை. கேட்கிற எனக்கு அதுதான் இந்தப் பதிவின் குணம்.

இதைச் சொல்லும்போது சவுண்ட்போர்டு பதிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடை மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சரிலிருந்து நேராக எடுத்த பதிவுகள்தான் உசத்தி என்று பலர் நம்புகிறார்கள். அதே 1977 ஏப்ரலில் கிளீவ்லேண்டில் நடந்த கச்சேரியின் சவுண்ட்போர்டு பதிவு ‘டிஸ்ட்ராயர்’ என்ற பெயரில் சுற்றுகிறது. கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாக இருக்கும், பாடகர் ராபர்ட் பிளான்ட் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஆனால் கூட்டம் இல்லை, அரங்கம் இல்லை, காற்றே இல்லை. நான்கு பேர் ஒரு வெற்று அறையில் வாசிப்பது போல வறண்டு கிடக்கிறது. கச்சேரி என்பது மேடையில் நடப்பது மட்டுமல்ல, அது அரங்கில் போய் விழுந்து திரும்புவதும் சேர்ந்ததுதான் என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் எடுத்துச் சொல்லாமலே புரியும்.

அந்த 1977 சுற்றுப்பயணம் சீரான ஒன்றல்ல. பிளான்டுக்குத் தொண்டைத் தொற்று வந்ததால் தொடக்கமே தள்ளிப்போய் ஏப்ரல் 1 அன்று டல்லாஸில் ஆரம்பித்தது. ஏப்ரல் 30 அன்று மிச்சிகனில் பான்டியாக் சில்வர்டோமில் 76,229 பேர் வந்தார்கள், ஒரே பேண்டின் கச்சேரிக்கு அன்றைய சாதனை அது. ஜூன் 3 அன்று டாம்பாவில் மழையால் கச்சேரி பாதியில் நின்று கலவரமாகிவிட்டது. பேஜின் வாசிப்போ ஓர் இரவு தீயாக இருக்கும், அடுத்த இரவு விரல்கள் ஒத்துழைக்காது. இந்தக் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு சான் டியாகோவில் பொன்ஹாமுக்கு உடம்பு சரியில்லை, அந்த இரவின் டேப்பில் தளர்ச்சி அப்பட்டமாகத் தெரிகிறது. அங்கிருந்து வந்து இரண்டே நாளில் இப்படி வாசித்திருக்கிறார் என்றால், அவரிடம் ஏதோ ஒரு வேகம் சேர்ந்திருந்தது. ஃபோரத்தில் அந்த வாரம் மொத்தம் ஆறு இரவுகள், அதில் முதல் இரவு இது.

இந்தச் சுற்றுப்பயணத்திலிருந்து முழு நேரலை ஆல்பம் ஒன்று இன்று வரை அதிகாரப்பூர்வமாக வரவில்லை. ஃபோரம் அரங்கிலேயே 1972 ஜூன் 25 அன்று பதிவானது ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்’ ஆல்பத்தில் இருக்கிறது, இரண்டு நாள் கழித்து லாங் பீச்சில் நடந்ததும் அதோடு சேர்ந்து 2003-இல் வந்தது. அருமையான ஆல்பம். ஆனால் 1972-இன் செப்பலின் இளமையான, துள்ளலான பேண்ட். 1977-இன் செப்பலின் கனமானது, இருண்டது. இடையில் 1975-இல் பிளான்டுக்குக் கிரேக்கத் தீவான ரோட்ஸில் கார் விபத்து, அதன் பின் மியூனிக்கில் அவசர அவசரமாகப் பதிவு செய்த ‘பிரசன்ஸ்’ ஆல்பம். அந்த ஆல்பத்தின் பாட்டுகளை 1977 மேடைகளில் எப்படி வாசித்தார்கள் என்று கேட்க இந்த மாதிரி டேப்புகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

‘நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’ அதற்கு முதல் உதாரணம். பாட்டு நின்று நின்று போகும், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பின்னும் பேண்ட் முழுக்க ஒரே அடியாக விழ வேண்டும். ஸ்டூடியோவில் அது கச்சிதம். இங்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரங்கின் மௌனத்தில் கூட்டத்தின் விசில் கேட்கிறது, அடுத்த கணமே பொன்ஹாம் அதன் மேல் இறங்குகிறார். நடுவில் பிளான்டின் மவுத் ஆர்கன். அவர் குரல் 1973-க்கு முன்பு இருந்த உயரத்தில் இல்லை, கரகரப்பு ஏறியிருக்கிறது. சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம், எனக்கு அந்தக் கரகரப்பு இந்தப் பாட்டுக்குப் பொருந்துகிறது.

பேஜுக்காகக் கேட்பவர்கள் நேராக ‘ஓவர் தி ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே’ பாட்டுக்குப் போங்கள். ஸ்டூடியோ சோலோ சின்னது, அளவானது. இங்கே அவர் தொடங்குகிறார், ஓர் இடத்தில் முடியப்போகிறது என்று நினைக்கும்போது இன்னொரு பக்கம் திரும்புகிறார், அங்கிருந்து இன்னொரு ஓட்டம். பின்னால் பொன்ஹாம் சும்மா தாளம் பிடிக்கவில்லை, பேஜ் எங்கே திரும்பினாலும் அங்கே ஒரு கணம் முன்னதாகப் போய் நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு ஏறுவதை மூச்சுப் பிடித்துக்கொண்டுதான் கேட்க முடியும். இந்தப் பாட்டின் நேரலை வடிவங்களில் நான் கேட்டவரை இதற்கு மிஞ்சியது இல்லை.

‘நோ குவார்ட்டர்’ பற்றி இரண்டு மனம். ஆல்பத்தில் 7 நிமிடம். இங்கே அது 20 நிமிடத்தை எல்லாம் சுலபமாகத் தாண்டிப் போகிறது, பேஸ் கிடாரும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸின் பியானோ மட்டுமே நீண்ட நேரம் தனியாக ஓடுகிறது. முதல் தடவை கேட்பவர் பொறுமை இழக்கலாம். ஆனால் பியானோ தனியாக அலைந்துகொண்டிருக்கும்போது பொன்ஹாம் வந்து சேர்ந்து அதை வேறு தாளத்துக்கு இழுக்கிற இடம் வருகிறது பாருங்கள், அந்த இடத்துக்காகக் காத்திருக்கலாம். மறுபடி கேட்கும்போது முன்பகுதியும் பிடித்துப்போகும்.

அதற்குப் பின் உட்கார்ந்து வாசிக்கும் அக்கூஸ்டிக் பகுதி வருகிறது, அது டேப்பின் இன்னொரு முகம். ‘தி பேட்டில் ஆஃப் எவர்மோர்’ பாட்டில் ஆல்பத்தில் ஆங்கிலேயப் பாடகி சாண்டி டென்னி பாடிய பகுதியை மேடையில் ஜோன்ஸ் பாடுகிறார். அவர் பாடகர் இல்லை, கேட்டாலே தெரியும், ஆனாலும் அதில் ஒரு பாந்தம் இருக்கிறது. அந்தச் சுற்றுப்பயணத்துக்காக ஆண்டி மேன்சன் என்ற கைவினைஞர் செய்துகொடுத்த மூன்று கழுத்து அக்கூஸ்டிக் கிடாரும் இந்தப் பாட்டுகளில் வேலை செய்கிறது. பெரிய சத்தம் குறைந்ததும் அரங்கத்தின் உண்மையான அளவு புலப்படுகிறது. மேண்டலின் நரம்பு ஒன்று தனியாக அதிரும்போது, ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் முணுமுணுப்பு அதைச் சுற்றி நிற்கிறது. மில்லார்டின் மைக்குகள் எவ்வளவு நல்லவை என்று இங்கேதான் தெரியும். உரத்த இசையை எந்த மைக்கும் ஓரளவு பிடித்துவிடும், மெல்லிய ஒலியைப் பிடிப்பதுதான் பரீட்சை.

‘காஷ்மீர்’, ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ இரண்டும் பின்பாதியில் வருகின்றன. இரண்டாவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஸ்டூடியோவில் பேஜ் பல கிடார்களை அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டிய 10 நிமிடப் பாட்டு அது. மேடையில் ஒரே கிடார். அடுக்குகள் போனதால் விழும் பள்ளத்தை ஜோன்ஸின் பேஸும் பொன்ஹாமின் குதிரை ஓட்டமும் நிரப்புகின்றன, சில இடங்களில் பேஜ் திணறுவதும் கேட்கிறது. குறை இல்லாமல் வாசித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பிடித்திருக்குமா என்பது சந்தேகம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதால் ஜோன்ஸின் பேஸ் பல இடங்களில் அடியில் போய்விடுகிறது, பேஸ் கிடாருக்காகக் கேட்பவர்களுக்கு இது முதல் தேர்வு ஆகாது. டேப்பின் இரைச்சல் மெல்லிய பகுதிகளில் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவதும் கைதட்டுவதும் அவ்வப்போது பாட்டின் மேலேயே விழும். ஹெட்ஃபோனில் கேட்டால் முதல் சில நிமிடங்களுக்குச் சத்தம் நெருக்கியடிப்பது போல இருக்கும். பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அதில் போடுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். இந்த டேப் தாழ்ந்த சத்தத்தில் உயிர் பெறாது.

எந்தப் பிரதி உங்கள் கைக்கு வருகிறது என்பதுதான் அடுத்த பெரிய விஷயம். ஒரே கச்சேரி, ஒரே மில்லார்ட் டேப், ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் பிரதிகள் ஏராளம். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஒவ்வொரு தடவை நகலெடுக்கும்போதும் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி மங்கும். நகலெடுத்த டெக்கின் வேகம் சற்றே பிசகியிருந்தால் பாட்டின் சுருதியே மாறியிருக்கும், பிளான்டின் குரல் சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டால் அதுதான் காரணம். போதாக்குறைக்கு ‘ரீமாஸ்டர்’ என்று சொல்லி இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்களின் ஓசையையும் சேர்த்து உரித்துவிட்ட பிரதிகள் வேறு. சிம்பல் ஓசை ‘ஷ்’ என்று நீராவி மாதிரி கரைந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். கொஞ்சம் இரைச்சலோடு, சிம்பலின் உலோக நாதம் முழுதாக இருக்கிற பிரதிதான் வேண்டும். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகக் கிடைத்தால் நல்லது. எம்பி3-ஆக மாற்றிய பிரதியிலிருந்து மறுபடி ஃபிளாக் செய்து ஏமாற்றுவதும் நடக்கிறது, கவனம்.

காசு கொடுத்து வாங்கலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். பளபளப்பான அட்டைப்பெட்டியில் மூன்று சிடியாகப் போட்டு விற்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பைசா பேண்டுக்கும் போவதில்லை, மில்லார்டுக்கும் போனதில்லை. அவர் தன் டேப்புகள் விற்பனைக்குப் போவதை வெறுத்தவர். யாருக்குக் கொடுத்த நகல் வெளியே போயிற்று என்று கண்டுபிடிக்க நகல்களில் அடையாளம் வைத்துக் கொடுத்தார் என்றுகூடச் சொல்வார்கள். 1994-இல் அவர் இறந்துபோனார். தன் டேப்புகளை அவரே அழித்துவிட்டார் என்று நீண்ட காலம் பேசிக்கொண்டார்கள், ஆனால் பல மூலப் பிரதிகள் பத்திரமாக இருந்தது பின்னர் தெரியவந்தது. அவரது டேப்புகளைக் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்ளும் ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வழியில் கிடைத்தால் கேளுங்கள். பேண்டுக்குப் பணம் போக வேண்டும் என்று நினைத்தால், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்’ வாங்குங்கள். செப்பலினை இதுவரை கேட்டதே இல்லை என்பவர்களும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும், இந்த டேப்பிலிருந்து அல்ல.

இந்தக் கச்சேரி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று ஓக்லாண்டில் அவர்கள் வாசித்தார்கள். ஜூலை 26 அன்று பிளான்டின் ஐந்து வயது மகன் காரக் இறந்துபோக, மிச்சமிருந்த கச்சேரிகள் எல்லாம் ரத்தாயின. 1980 செப்டம்பர் 25 அன்று பொன்ஹாமும் இறந்தார். பேண்ட் கலைந்தது. பொன்ஹாமோடு செப்பலின் அமெரிக்காவில் மறுபடி வாசிக்கவே இல்லை. அதனால் ஃபோரத்தின் அந்த ஆறு இரவுகளின் டேப்புகளுக்கு இப்போது இருக்கிற மதிப்பு, பதிவு செய்த அன்று மில்லார்டுக்கே தெரிந்திருக்காது.

இந்த டேப் பிடித்துப்போனால் அடுத்து அதே அரங்கில் ஜூன் 23 இரவைத் தேடுங்கள், அதுவும் மில்லார்ட் டேப்தான். தி ஹூ பேண்டின் டிரம்மர் கீத் மூன் அன்று மேடையேறி வந்து பொன்ஹாமோடு சேர்ந்துகொண்டார். ‘ஃபார் பேட்ஜ்ஹோல்டர்ஸ் ஒன்லி’ என்ற பெயரில் கிடைக்கும். அந்த இரவில் உற்சாகம் அதிகம், கொண்டாட்டம் அதிகம், பேஜும் நல்ல மனநிலையில் இருக்கிறார். வாசிப்பின் மூர்க்கத்தில் மட்டும் ஜூன் 21-ஐ அது எட்டவில்லை என்பது என் கட்சி. இல்லை என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.